எந்த ஊர் வல்லிபுரம்

வெட்டு மெசின் வயல்வட்டைக்குள் இறங்கிய அன்றைக்குத்தான் புத்தகமும் வந்து சேர்ந்தது. இரண்டில் ஒன்று ஒரு நாள் பிந்தியிருந்தால் வல்லிபுரத்துக்கு நிம்மதியாக இருந்திருக்கும். மாசி மாதக் கடைசி. அந்த வட்டை முழுவதற்கும் ஒரே மெசின்தான். முறைக்கு நாலு நாளாகக் காத்துக் கிடந்து, அது காலை பத்து மணிக்கு அவருடைய வரம்படியில் வந்து நின்று புகை தள்ளிய நேரம் பார்த்து மருமகன் ரதீஸ் போன் எடுத்தான். காத்தான்குடி அச்சகத்திலிருந்து மர்சூக் பஸ்ஸில் போட்டுவிட்ட பெட்டிகள் இரண்டும் களுவாஞ்சிகுடிச் சந்திக் கடையில் இறங்கிவிட்டனவாம். பின்னேரம் வேலை முடிந்து வரும்போது எடுத்து வரட்டுமா என்று கேட்டான்.

பின்னேரமாம். அறுபத்தொரு வயதில் முதல் புத்தகம் போட்டவரிடம் கேட்கிற கேள்வியா அது? வல்லிபுரம் மூட்டை பிடிக்க வந்தவர்களிடம் வயலை ஒப்படைத்துவிட்டு, முழங்கால் சேற்றோடு சைக்கிளில் ஏறினார். அறுவடைக்கு நடுவில் வயலை விட்டு ஓடியவர் என்று அந்த வட்டையில் இதுவரை ஒருவரும் பேர் எடுத்ததில்லை. அன்றைக்கு அவர் எடுத்தார்.

சந்திக் கடையில் பெட்டியைப் பிரிக்கக் கத்தி தேடிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் இவர் பல்லால் கயிற்றைக் கடித்து அறுத்துவிட்டார். மேலே கிடந்த முதல் புத்தகத்தை எடுக்க முன்பு கையைச் சாரத்தில் துடைத்தார். சாரத்திலும் சேறு என்று கண்டதும் சட்டையில் துடைத்தார். அட்டையில் மணலில் காயப்போட்ட வலை ஒன்றின் படம். 'வலை உலர்ந்த மணல்' என்று தலைப்பு. பன்னிரண்டு சிறுகதைகள். கீழே அவருடைய பேர். அதை அவர் எத்தனை தரம் வாசித்தார் என்று கேட்டால் கடைக்காரரே சிரிப்பார்.

திரும்பும் வழியில் பட்டிருப்புப் பாலத்தின் நடுவில் சைக்கிளை நிறுத்தினார். கீழே தோணியில் ஒருவர் வீச்சுவலையைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். முன்பின் தெரியாத ஆள். வல்லிபுரம் ஒரு புத்தகத்தை உயர்த்திக் காட்டி, இதைத் தானே எழுதியதாகக் கத்திச் சொன்னார். அந்த மனிதர் கண்ணைச் சுருக்கி அட்டையைப் பார்த்துவிட்டு, மீன்பிடியைப் பற்றியதா என்று கேட்டார். ஓம் என்றார் இவர். எங்களுக்குத் தெரியாததையா எழுதிப்போட்டீர் என்று சொல்லிவிட்டு அவர் வலையை வீசினார். அதுவும் வல்லிபுரத்துக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. தன் புத்தகத்துக்குக் கிடைத்த முதல் விமர்சனம் அல்லவா.

பழுகாமத்தில் அவர்களுடைய வளவில் இரண்டு வீடுகள். முன்னால் இருக்கிற கல்வீடு மனைவி புஸ்பத்தின் சீதன வீடு. மகள் மேனுகா ரதீஸைக் கட்டியதும் அது மகளுக்குப் போய்விட்டது. இந்தப் பக்கத்து வழக்கம் அதுதான். தாயின் வீடு மகளுக்கு, மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு. தாயும் தகப்பனும் பின்னால் ஒரு சின்ன வீட்டைக் கட்டிக்கொண்டு அதற்குள் போய்விடுவார்கள். அந்தச் சின்ன வீட்டின் குசினியில் புஸ்பம் வெட்டுக்காரருக்குச் சோறு வடித்துக்கொண்டிருந்தாள். பனையான் மீனில் புளியாணம், பொன்னாங்காணிச் சுண்டல், வறுத்த மிளகாய். வாழையிலையில் எட்டுப் பொதி கட்டி முடித்தாயிற்று, இன்னும் நாலு கிடந்தது. மனிசன் வயலை விட்டு வந்து நிற்பதைக் கண்டு அவள் முதலில் பயந்துதான் போனாள்.

பிறகு பெட்டியைக் கண்டாள். கையைக் கழுவிச் சேலைத் தலைப்பில் துடைத்து, இரண்டு கையாலும் புத்தகத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றினாள். அவள் எட்டாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டி வாசிப்பதில் ஒரு நிதானம் உண்டு. தலைப்பை வாசித்தாள். படத்தைத் தடவிப் பார்த்தாள். அதன் கீழே இருந்ததை வாசித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"பெரியகல்லாறு வல்லிபுரம் ஆரு?" என்று கேட்டாள்.

அவர் பகிடி என்று நினைத்து, "நான்தான்" என்றார்.

"அப்ப இஞ்ச முப்பத்திமூணு வருஷமா இருந்த ஆள் ஆரு?"

அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

நடந்தது இவ்வளவுதான். எங்கள் பக்கத்தில் எழுதுகிறவன் பேருக்கு முன்னால் ஊரைப் போடுவது ஒரு முறை. ஊர் இல்லாமல் வெறும் பேரோடு வருகிற எழுத்தாளனைப் பார்த்தால், இவன் யாருக்கோ கடன்காரனாக இருப்பானோ, அதுதான் ஊரை ஒளிக்கிறானோ என்று சனங்கள் யோசிப்பார்கள். மர்சூக்குக்கு இது நன்றாகத் தெரியும். அட்டை வரைந்து முடித்த கையோடு தையில் ஒருநாள் போன் எடுத்து, "பேருக்கு முன்னால ஊர் ஒண்டு போடணும் அண்ணன். சும்மா வல்லிபுரம் எண்டு போட்டா எந்த வல்லிபுரம் எண்டு கேப்பாங்க" என்றார். வல்லிபுரம் அந்த நேரம் வயலுக்குள் நின்று, வரம்பை வெட்டித் தண்ணீர் விடுகிற வக்கடையை மண் போட்டு அடைத்துக்கொண்டிருந்தார். தோளுக்கும் காதுக்கும் இடையில் போனை இடுக்கியபடி பெரியகல்லாறு என்று சொன்னார். யோசிக்கவே இல்லை. நீ எங்கே பிறந்தாய் என்று கேட்டால் யார்தான் யோசிப்பார்கள்? மர்சூக் கேட்டது அதுவல்ல என்பதுதான் சங்கதி.

வாவிக்குக் கிழக்கே, சூரியன் எழுகிற பக்கம் எழுவான்கரை. மேற்கே, அது சாய்கிற பக்கம் படுவான்கரை. வல்லிபுரம் எழுவான்கரையில் கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிற பெரியகல்லாற்றில் பிறந்து, இருபத்தெட்டு வயதில் மாப்பிள்ளையாகப் படுவான்கரைக்கு வந்தவர். தோணி தள்ளிய கைக்கு மண்வெட்டி பழக இரண்டு போகம் எடுத்தது. வந்த நாளிலிருந்து ஊருக்கு அவர் கல்லாத்தார். கடைக்காரருக்கும், கோயில் நிர்வாகம் பார்க்கிற வண்ணக்கருக்கும், மச்சான்மாருக்கும் அவர் கல்லாத்தார்தான். புஸ்பமும் அடுத்தவர்களிடம் அவரைப் பற்றிக் கதைக்கும்போது கல்லாத்தார் என்றுதான் சொல்வாள். அந்தச் சொல்லில் அவளுக்கு ஒரு செல்லமும் இருந்தது.

அதைத்தான் அவர் கையில் எடுத்தார். ஊர் முழுக்கத் தன்னை அப்படிக் கூப்பிடுகிறதே, நீயும் கூப்பிடுகிறாயே, அதை எழுதியதில் என்ன பிழை என்று கேட்டார்.

"கூப்பிடுறது வேற. எழுதிவைக்கிறது வேற" என்றாள் புஸ்பம். "கூப்பிட்டது காத்தோட போயிரும். இது கிடக்கும். என்ட பேரப்புள்ளையள் இத எடுத்துப் பாத்திட்டு, அப்பப்பா நம்மட ஊர் ஆள் இல்லையாமே எண்டு கேக்கும்."

அப்பப்பா அல்ல, அம்மப்பா என்று திருத்தியிருக்கலாம், சிரித்திருக்கலாம். அல்லது அவர் மனதில் உண்மையாகக் கிடந்ததைச் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, இவ்வளவு ஆசையோடு தூக்கிவந்த பொருளை அவள் இப்படிப் பார்த்துவிட்டாளே என்ற எரிச்சலில் அவர் வாயிலிருந்து வேறொன்று வந்துவிழுந்தது.

"வீடு உன்ட பேர்ல. வயல் உன்ட பேர்ல. எனக்கெண்டு என்ட பேர்ல இரிக்கிறது இது ஒண்டுதான். அதிலயும் நீ வந்து நிக்காத."

புஸ்பம் புத்தகத்தை அரிசிப் பெட்டியின் மூடிமேல் பத்திரமாக வைத்தாள். மிச்ச நாலு பொதியையும் கட்டி, பன்னிரண்டையும் பையில் அடுக்கி அவர் கையில் கொடுத்து, மெசின்காரருக்கு உறைப்புக் கூடாது, அவருடைய பொதி மேலே இருக்கிறது என்று மட்டும் சொன்னாள். வல்லிபுரம் வயலுக்குத் திரும்பிப் போகிற வழியெல்லாம் தன் வாயைத் தானே ஏசிக்கொண்டு போனார்.

புஸ்பத்தின் கோபத்துக்குச் சத்தம் உண்டு. முப்பத்துமூன்று வருடமாக அந்தத் தெரு முழுதும் கேட்ட சத்தம் அது. அவர் வரம்பில் குடையை மறந்து வந்தாலும் ஏச்சு, மாட்டை அவிழ்க்கப் பிந்தினாலும் ஏச்சு. இந்தத் தரம் ஏச்சே இல்லை. நேரத்துக்குச் சோறு வந்தது, வெந்நீர் வந்தது, உடுப்புத் தோய்த்து மடித்து வந்தது. முற்றத்தில் படங்கை விரித்து நெல் காயப்போட்டு, காலால் அளைந்து அளைந்து கிளறிக்கொண்டு, பக்கத்தில் நிற்கிற புருஷனுக்குச் சொல்ல வேண்டியதை முன்வீட்டு மகளிடம் சொன்னாள். மழை இருட்டுது, கல்லாத்தாரப் படங்கின் அந்தப் பக்கத்தைப் பிடிக்கச் சொல்லு என்றாள். அதே கல்லாத்தார்தான். ஆனால் செல்லத்தைப் பிடுங்கிவிட்டு வெறும் சொல்லைக் கொடுத்தது போல இருந்தது அவருக்கு.

சனங்களும் சும்மா இருக்கவில்லை. வெளியீட்டு விழாவைப் பழுகாமத்துப் பல்தேவைக் கட்டடத்தில் செய்வதென்று ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர் ஓடித் திரிந்துகொண்டிருந்தார். 'நமதூர் எழுத்தாளர்' என்று நோட்டீசும் அடித்தாயிற்று. புத்தகத்தை வாங்கிப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தரம் பார்த்தார். நோட்டீசைப் பிழை என்று சொல்வதா, புத்தகத்தைப் பிழை என்று சொல்வதா என்று மரியாதையாகக் கேட்டார். வல்லிபுரத்துக்குப் பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

கடைசியில் ரதீஸ்தான் வழி சொன்னான். வேலைசெய்கிற இடத்தில் கொம்பியூட்டர் இருக்கிறது, ஸ்டிக்கர் அடித்து மேலே ஒட்டிவிடலாம் என்றான். அப்படியே 'பழுகாமம் வல்லிபுரம்' என்று முந்நூறு ஸ்டிக்கர் வந்தது. மாமனும் மருமகனும் குந்தியிருந்து ஒட்டினார்கள். ஒன்று மேலே ஏறியது, ஒன்று சரிந்தது. சிலதில் பழுகாமத்துக்குக் கீழே கல்லாறு எட்டிப் பார்த்தது. நாற்பது மட்டில் ஒட்டியிருப்பார்கள். சுளகோடு அந்தப் பக்கம் வந்த புஸ்பம் நின்று பார்த்தாள்.

"நான் கேட்டத்துக்காக ஒட்டுறதெண்டா ஒட்ட வேணாம்" என்று ரதீஸைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

வல்லிபுரத்தின் கையில் இருந்த ஸ்டிக்கர் விரலோடு ஒட்டிக்கொண்டது.

விழாவுக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவர் பெரியகல்லாற்றுக்குப் போய்த் தங்கச்சி நேசம்மாவுக்குச் சொல்லிவிட்டு வந்தார். சந்தியில் இறங்கியதுமே வாங்குப் பலகையில் இருந்த ஒருவர் எழும்பி, "ஆ, பழுகாமத்தார் வாறார்" என்றார். அதுவும் புதிதல்ல. பாலத்துக்கு அந்தப் பக்கம் கல்லாத்தார், இந்தப் பக்கம் பழுகாமத்தார். எந்தக் கரையில் நின்றாலும் அவர் மற்றக் கரை ஆள். பெண் வீட்டுக்குப் போன எல்லா ஆம்பிளைகளுக்கும் இது நடப்பதுதான், யாரும் இதற்காக உட்கார்ந்து யோசிப்பதில்லை. புத்தகம் போட்டவர்தான் யோசிக்க வேண்டியதாயிற்று.

நேசம்மா அட்டையில் ஊர்ப் பேரைக் கண்டதும் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஒழுங்கை முழுக்கக் காட்டித் திரிந்தாள். நெத்தலி பொரித்து, இறால் சொதி வைத்து அண்ணனுக்குச் சோறு போட்டாள். மூன்று நாள் கழித்துப் போன் எடுத்தாள். தாயைப் பற்றிய கதையை வாசித்துவிட்டு அழுததாகச் சொன்னாள். மற்றக் கதைகளும் நல்லம் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"ஒண்டு கேக்கட்டா அண்ணன்? கோவிக்கப்படாது. கதையில வாறதெல்லாம் நம்மட ஊர்ப் பொம்புளையள்தானே?"

"ஓம்."

"அவளுகள் ஏன் அப்பிடிக் கதைக்கிறாளுகள்? தோணிக்காரன்ட பொண்டாட்டி தன்ட மகனுக்கு மூளையில அறக்கொட்டியான் அடிச்சிட்டு எண்டு ஏசுறா. அது வேளாண்மைக்கு வாற பூச்சியாமே. நான் இவர்ட்டக் கேட்டுத்தான் அறிஞ்ச. இன்னொருத்தி வாயை வக்கடை எண்டுறா. நம்மட ஊர்ல கடலுக்கு ஆரு வக்கடை கட்டின?" நேசம்மா சிரித்தாள். "எல்லாரும் நம்மட மச்சாள் கதைக்கிற மாதிரியே இரிக்கி."

வல்லிபுரம் போனை வைத்தார். ஒரு புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வயல் வாடிக்குப் போனார். வெட்டி முடிந்த வட்டை வெறுமையாகக் கிடந்தது. நெல்தாள் அடிக்கட்டைகளுக்குள் கொக்குகள் நடந்து திரிந்தன. யானைக் காவலுக்குக் கட்டிய அந்த வாடிக்குள் இருந்துதான் அவர் பன்னிரண்டு கதைகளையும் எழுதினார். அங்கேயே இருந்து முதல் பக்கத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பெண்கள் வாய் திறக்கிற இடமெல்லாம் கோடு போட்டார்.

நேசம்மா சொன்னது சரிதான், குறைத்துத்தான் சொல்லியிருக்கிறாள். கருவாடு விற்கிறவள் கணவனைப் பார்த்து, பதரைத் தூற்றினாலும் நாலு நெல்லு விழும், உங்களைத் தூற்றினால் ஒன்றும் விழாது என்கிறாள். கடலையே பார்த்திருக்கிற ஒரு தாய், பிள்ளை வருகிற நேரத்தை, வரம்பில் நிழல் விழுகிற கணக்கில் சொல்கிறாள். கோடு போட்டுப் போட்டுப் பென்சில் மழுங்கியது. ஒரு கதை தப்பவில்லை. கல்லாற்றுக் கடற்கரையைக் காகம் கரைகிற இடம்வரை சரியாக எழுதியவர், அந்தக் கரையில் பன்னிரண்டு தரமும் பழுகாமத்துப் புஸ்பத்தைக் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார். அவருக்கே தெரியாமல்.

முதலில் வெட்கமாக இருந்தது. எழுதத் தெரியாதவன் எழுதினால் இப்படித்தான் என்று தோன்றியது. முந்நூறு பிரதி. ஊர்ப் பேரை ஸ்டிக்கரால் மறைக்கலாம், இதை எதைக் கொண்டு மறைப்பது? அப்படியே சாய்ந்து கூரை ஓலையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

கிடக்கக் கிடக்க அந்த யுத்த வருடங்கள் ஞாபகத்துக்கு வந்தன. அவர் மாப்பிள்ளையாக வந்து கொஞ்ச நாளிலேயே பாலத்தடியில் சோதனைச் சாவடி வந்துவிட்டது. அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் திரும்பி வருவது நிச்சயமில்லை. மாதக் கணக்கில் தாயின் முகத்தைக் காண முடியாமல் வாவிக்கரையில் வந்து நின்று, எதிர்க்கரைத் தென்னைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். அந்த நாட்களில் அவர் காதில் விழுந்த பெண்குரல் ஒன்றே ஒன்றுதான். அந்தக் குரல்தான் ஏசியது, சாப்பிடச் சொன்னது, செல் குண்டு விழுகிற சத்தத்தில் பிள்ளையை அணைத்துக்கொண்டு கதை சொன்னது. பாதை திறந்தபின் வந்த ஒரு மார்கழியில், ஒரே காலையில் தாயையும் பிறந்த வீட்டையும் சுனாமி கொண்டுபோனது. அதற்குப் பிறகுதான் அவர் எழுதத் தொடங்கினார். தாய் எப்படிக் கதைப்பாள் என்று காதைத் தீட்டிக்கொண்டு யோசித்தபோது வந்த குரல் யாருடையது என்று அவர் அன்றைக்குப் பார்க்கவில்லை.

எழும்பி வீட்டுக்குப் போனார். ஒட்டிய நாற்பது ஸ்டிக்கரையும் நனைத்த துணியால் ஒவ்வொன்றாக உரித்தார். எதற்கு என்று ரதீஸ் கேட்டான். புத்தகம் இருக்கிறபடியே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். புஸ்பத்திடம் எதையும் சொல்லவில்லை. சொல்ல வாயெடுத்தபோதெல்லாம், முந்தி இந்த வாய் சொன்னது முன்னால் வந்து நின்றது. விழாவுக்கு அவள் வருவாளா என்றுகூடக் கேட்கப் பயமாக இருந்தது. அவள் வராவிட்டால் அந்த மேடையில் தனக்கு என்ன வேலை என்பது மட்டும் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

ஞாயிறு பின்னேரம் மூன்றரைக்கு விழா என்று போட்டு நாலரைக்குத் தொடங்கியது. மங்கல விளக்கு, தமிழ்மொழி வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை மூன்று, அறிமுகவுரை, நயவுரை. எங்கள் ஊர்ப் புத்தக வெளியீட்டில் எழுத்தாளனின் முறை வருகிறபோது முன்வரிசைக் குழந்தைகள் நித்திரையாகிவிடும். வெள்ளை வேட்டியும் மேனுகா ஸ்திரிக்கை போட்டுக் கொடுத்த சட்டையுமாக வல்லிபுரம் மேடையில் வேர்த்து ஒழுகிக்கொண்டிருந்தார். காத்தான்குடியிலிருந்து மர்சூக் வந்திருந்தார். கல்லாற்றிலிருந்து நேசம்மா வான் பிடித்துப் பதினெட்டுப் பேரைக் கொண்டுவந்து வலப்பக்கம் முழுக்க நிரப்பியிருந்தாள். முன்வரிசையில் 'திருமதி வல்லிபுரம்' என்று தாள் ஒட்டிய கதிரை வெறுமையாகக் கிடந்தது.

புஸ்பம் வராமல் இல்லை. வராவிட்டால் சனங்கள் என்ன கதைக்கும் என்று அவளுக்குத் தெரியும். நாவல் நிறச் சேலை உடுத்து, அக்கம்பக்கத்துப் பெண்களோடு சேர்ந்து வந்து, கதவடியில் ஐந்தாம் வரிசையில் இருந்துகொண்டாள். முன்னுக்கு வரச்சொல்லி மேனுகா கூப்பிட்டும் அசையவில்லை.

"இப்போது ஏற்புரை வழங்க, பெரியகல்லாறு வல்லிபுரம் அவர்களை அழைக்கிறேன்" என்றார் அதிபர். வலப்பக்கம் கைதட்டல் தூக்கியது. இடப்பக்கம் யாரோ செருமினார்கள்.

வல்லிபுரம் எழுதி வைத்திருந்த தாளைச் சட்டைப்பையிலேயே விட்டார். ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்தார்.

"எனக்கு மேடைத் தமிழ் வராது. நம்மட தமிழ்லயே கதைக்கிறன்" என்று தொடங்கினார். "கல்லாத்தில என்ட வீடு இருந்த இடத்தில இப்ப ஒரு செங்கல்லும் இல்ல. அங்க எனக்கு இனி ஒண்டும் இல்லாதபடியாத்தான் அந்தப் பேர அட்டையில வச்சன் போல. இத நான் வீட்டில சொல்லியிருக்கணும். சொல்லல்ல. அதுக்குப் பதிலா என்ட பொஞ்சாதிட்ட ஒரு பிழையான கத சொல்லிப்போட்டன். வீடும் வயலும் உன்ட பேர்ல, என்ட பேர்ல இரிக்கிறது இந்தப் புத்தகம் ஒண்டுதான் எண்டு சொன்னனான்."

புஸ்பம் தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மனிசன் வீட்டுச் சங்கதியை இத்தனை பேருக்கு முன்னால் ஏன் அவிழ்க்கிறார் என்று அவளுக்குக் காது சூடேறியிருக்க வேண்டும்.

"அதுவும் சரியில்ல எண்டு இப்பதான் தெரிஞ்ச" என்றார் வல்லிபுரம். "இதுல ஒரு பிழை கிடக்கு. தங்கச்சி நேசம்மாதான் கண்டுபுடிச்ச. நான் விளங்கப்படுத்தல்ல, வாசிச்சுக் காட்டுறன். நீங்களே சொல்லுங்க."

கண்ணாடியைப் போட்டு, பென்சில் கோடு போட்ட ஒரு பக்கத்தைத் திறந்தார். கடலில் ஒன்றும் அகப்படாமல் வெறும் தோணியோடு வருகிறான் ஒருவன். கல்லாற்றுக் கடற்கரையில் அவனுடைய மனைவி நிற்கிறாள். அகப்பட்ட நாலு மீனையும் வழியில் கண்ட யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்று அவன் சொல்கிறான். வல்லிபுரம் அந்தப் பெண்ணின் பேச்சை வாசித்தார்.

"'உங்களக் கட்டின நாள்ல இருந்து நானும் பாக்கன். ஊரான் வயல் காயுதெண்டா நம்மட வக்கடையை வெட்டிவிடுற மனிசன் நீங்க. நிண்டு முழுசாம உள்ளுக்கு வாங்க. ஏச்சு எங்கயும் ஓடாது...'"

வியர்வையில் கண்ணாடி வழுகியது. அவர் அதைத் தள்ளிவிடுகிற அந்த இடைவெளியில், ஐந்தாம் வரிசையிலிருந்து நாலைந்து பெண்களின் குரல் ஒன்றாக வந்தது.

"சோறு ஆறிப்போகும். முதல்ல தின்னுங்க, மறுகா ஏசுறன்."

வேலி தாண்டி முப்பத்துமூன்று வருடமாகக் கேட்டு அவர்களுக்கு அது மனப்பாடம். புத்தகத்தில் அச்சாகிக் கிடந்ததும் அதுதான், ஒரு எழுத்துப் பிசகாமல். சொன்ன பிறகுதான் தாங்கள் என்ன சொன்னோம் என்று அவர்களுக்கே விளங்கியது. ஒருத்தி புஸ்பத்தின் தொடையில் அடித்தாள். இடப்பக்கம் தொடங்கிய சிரிப்பு வலப்பக்கத்துக்கும் போனது, நேசம்மா எழும்பி நின்று மச்சாளைக் கல்லாற்றுச் சனங்களுக்குச் சுட்டிக் காட்டினாள். மண்டபத்தில் இருந்த தலைகள் எல்லாம் கதவுப் பக்கம் திரும்பின. புஸ்பம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாளா அழுகிறாளா என்று மேடையிலிருந்து அவருக்குத் தெரியவில்லை.

"பன்னிரண்டு கதையிலயும் இந்த ஆள்தான் கதைக்கிறா" என்றார் வல்லிபுரம். "அட்டையில இரிக்கிறது என்ட ஊர். உள்ளுக்குக் கிடக்கிறதெல்லாம் இவட வாய். அப்ப இந்தப் புத்தகமும் முழுசா என்ட பேர்ல இல்ல."

மிச்சம் என்ன சொல்ல இருந்தார் என்று மறந்துபோய், நன்றி வணக்கமும் சொல்லாமல் போய் இருந்துவிட்டார். அதிபர்தான் எழும்பி நன்றி சொல்லி முடித்தார்.

பிறகு கையெழுத்து வாங்குகிற நெரிசல். வல்லிபுரம் மேசையடியில் இருந்து, 'பெரியகல்லாறு வல்லிபுரம்' என்று முழுப்பேரையும் எழுதி எழுதிக் கொடுத்தார். நேசம்மாவின் ஆட்கள் வாங்கினார்கள், அக்கம்பக்கத்துப் பெண்கள் வாங்கினார்கள், மர்சூக்கும் தான் அடித்த புத்தகத்திலேயே ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். கூட்டம் கலைந்து கடைசியாக ஒரு கை புத்தகத்தை விரித்து மேசையில் வைத்தது. நாவல் நிறச் சேலை. நிமிர்ந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவில்லை. 'புஸ்பத்துக்கு' என்று எழுதினார். அதற்குக் கீழே கை பழக்கத்தில் 'பெ' என்று தொடங்கப் போய் நின்றது. பேனையைத் தூக்கிப் பிடித்தபடி, எந்த ஊரைப் போடட்டும் என்று கேட்டார்.

"ஊரெல்லாம் ஆள் தெரியாத ஆக்களுக்குப் போடுங்க" என்றாள் புஸ்பம். "எனக்குப் பேர் காணும்."

அவர் பேரை மட்டும் எழுதினார். மை காயும்வரை அவள் புத்தகத்தை மூடாமல் இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.